ஆடி எட்டு வாய்தா

நாவல்குறிச்சி,
திருக்காட்டுப்பள்ளி வழி,
வைகாசி 10

அன்புள்ள தம்பி இளையபெருமாளுக்கு அக்கா அம்சம் எழுதுவது.

நானும் மகள் வள்ளியம்மையும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி, தனபாக்கியம் உடம்பு எப்படி? உண்டாகியிருக்கிறவளை மாடிப்படி ஏறி இறங்க விடாதே. நாகப்பட்டினத்துப் பெண், மீன் இல்லாமல் சோறு இறங்காது. மெட்ராஸ் மீன் அவளுக்குப் பிடிக்கிறதோ என்னவோ.

அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திவசத்துக்கு நீ வரவில்லையே என்று தெருவில் கேட்டார்கள். வேலை என்றேன். என்ன வேலை என்றார்கள். கம்ப்யூட்டர் என்றேன். அதில் என்ன செய்கிறான் என்று கேட்டால் நான் எங்கே போவேன்? விவரமாக எழுது, அடுத்த தடவை முழிக்காமல் சொல்வேன்.

இப்போது நிலத்து விஷயம். அப்பா பெயரில் இருக்கும் மடத்து நிலக் குத்தகைப் பதிவை என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருந்தேன் அல்லவா, மடத்தில் ஆட்சேபணை எழுதிவிட்டார்கள். அரசப்பனுக்கு மகன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறான், மகள் கட்டிக்கொடுத்துப் போனவள், வயலில் இறங்க வாரிசு இல்லை, நிலத்தை விடு என்கிறார்கள். கட்டிக்கொடுத்துப் போனவள் தாலியறுத்துத் திரும்பி வந்து பத்து வருடமாக இந்த மூன்று மா நிலத்தில்தான் குனிந்து நிமிர்கிறாள் என்பது மடத்துக் காரியஸ்தருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறார்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக லாக்கப்பில் அடி வாங்கியவர் அப்பா. குத்தகைதாரர் சட்டம் வந்த பிறகும் தாலுகா ஆபீஸ் வாசலில் படுத்துத்தான் அந்தப் பதிவை வாங்கினார். நம் தெருவிலேயே முதல் பதிவு அது. அது போனால் எனக்கு வயல் மட்டும் போகாது.

விசாரணைக்கு நோட்டீஸ் வருமாம். குத்தகை ரசீதோடு நேரில் போய் நின்றால் போதும், வக்கீல்கூட வேண்டாம் என்கிறார்கள். நிற்பதற்கென்ன, வெயிலில் நிற்காத காலா?

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா அம்சம்


சென்னை,
2.6.98

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். தனபாக்கியத்துக்கு இப்போது வாந்தி குறைந்திருக்கிறது. நீயும் வள்ளியம்மையும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

திவசத்துக்கு வர முடியாதது எனக்கும் மனக்குறைதான். அந்த வாரம் எங்கள் மென்பொருளை அதிகாரிகள் பார்க்க வந்தார்கள்.

தெருவில் கேட்டால் இப்படிச் சொல். எண்ணையும் தேதியையும் அந்தந்த ஊர்க்காரர் எழுதுகிற மாதிரியே கம்ப்யூட்டரில் காட்ட வைப்பது என் வேலை. லட்சம் என்றால் நாம் ஒன்று போட்டுக் கமா, இரண்டு சைபர், கமா, மூன்று சைபர் என்று எழுதுகிறோம். அமெரிக்காக்காரர் மூன்று மூன்றாகத்தான் பிரிப்பார். ஜெர்மனிக்காரர் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைப்பார். தேதி என்றால் அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும், ஜப்பானில் வருடம் முன்னால் வரும். உள்ளே இருப்பது ஒரே நாள்தான். ஆளுக்குத் தகுந்தபடி வெளியே காட்டுவது என் பொறுப்பு.

இப்போது அதைத் தமிழுக்குச் செய்திருக்கிறோம். அரசாங்க ஆபீஸ்களில் எல்லாமே தமிழில் இருக்க வேண்டும் என்று ஆணை. நோட்டீஸ் அச்சடிக்கிற மென்பொருள் எங்கள் சொல்லகம் நிறுவனத்துடையது. அதில் தேதிப் பகுதி முழுக்க நான் எழுதியது. ஜூலை, ஆகஸ்ட் என்று ஒரு இங்கிலீஷ் மாதம் கண்ணில் படக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார், ஒன்றும் படாது. முதலில் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆபீஸ்களில்தான் வைத்திருக்கிறார்கள். நம் மூன்று மா அதில் 0.40.5 ஹெக்டேர் என்று வரும். ஒரே எண்ணில் இரண்டு புள்ளி! எந்த நாட்டிலும் இந்தக் கூத்தை நான் பார்த்ததில்லை.

விசாரணை நல்லபடி முடியும். நாள் தெரிந்ததும் எழுது.

உன் அன்புத் தம்பி,
இளையபெருமாள்


நாவல்குறிச்சி,
ஆனி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. தனபாக்கியம் புளிப்பு கேட்டால் தடுக்காதே.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுத் தங்கமணிக்குப் படித்துக் காட்டினேன். "கமா வைக்கவா மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்க? எனக்கும் ஒரு வேலை பாத்துத் தரச் சொல்லு, நான் ரெண்டு கமாவா வைக்கிறேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாலும் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள். இப்போது நீ கம்ப்யூட்டருக்கே தமிழ் கற்றுக்கொடுத்தவன். நானும் மறுக்கவில்லை.

நேற்று நோட்டீஸ் வந்துவிட்டது. உன் மென்பொருளில் அடித்ததுதானே? எல்லாம் தமிழ். திருவள்ளுவர் ஆண்டு 2029, ஆடித் திங்கள் 8ஆம் நாள், காலை பத்து மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் சர்க்கார் காகிதம் வந்தால் தபால்காரரை நிறுத்தி வைத்து, இங்கிலீஷ் தேதியை நம் தேதிக்கு மாற்றிச் சொல்லச் சொல்லி, அவர் தவிக்கிற தவிப்பைப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நானே படித்தேன். என் தம்பி அனுப்பிய மாதிரி இருந்தது.

ஆடி எட்டு இரண்டாவது ஆடி வெள்ளி. நல்ல நாளாகத்தான் வாய்த்திருக்கிறது. ஒன்று மட்டும் தங்கமணி கேட்கச் சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டர் காட்டுகிற ஆடியும் ஆவணியும் நம் ஊர் ஆடி ஆவணிதானே?

அன்புடன்,
அக்கா அம்சம்


சென்னை,
26.6.98

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பது படித்துச் சந்தோஷம். தனபாக்கியம் மாங்காய் தின்று தீர்க்கிறாள்.

நோட்டீஸைப் படித்து நீ சந்தோஷப்பட்டதை ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். முதலாளி, "இதுக்குத்தான்யா இவ்வளவு பாடு" என்றார். இன்னும் ஐந்து மாவட்டத்துக்கு ஆர்டர் வரும் போலிருக்கிறது. வந்தால் எனக்குச் சம்பளம் கூடும், ஒரு சின்ன வீடாகப் பார்க்கலாம்.

தங்கமணி அக்கா கேட்டதற்கு, ஆமாம், நம் ஊர் மாதங்கள்தான். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டும் இருக்கிறது. சில சின்னச் சின்ன வேலைகள் பாக்கி, இரண்டாம் பதிப்பில் செய்துகொள்வோம்.

விசாரணைக்குப் போகுமுன் வேண்டுமானால் ஆபீஸில் ஒரு வார்த்தை... ஒன்றுமில்லை, உனக்குத் தெரியாததா. நீ பார்த்துக்கொள்வாய்.

அன்புத் தம்பி,
இளையபெருமாள்


நாவல்குறிச்சி,
ஆடி 9

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டு, ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். ஆபீஸ் திறக்கவே இல்லை. நான்தான் முதல் ஆள்.

பத்து மணிக்கு நோட்டீஸை நீட்டினேன். அந்தக் குமாஸ்தா பார்த்துவிட்டு, "யம்மா, உங்க வாய்தா எட்டாம் தேதியே முடிஞ்சு போச்சே. மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நீங்க வரல" என்றார்.

"இன்னிக்குத்தானங்க ஆடி எட்டு?"

"ஆடின்னா ஜூலைம்மா. இந்தக் கம்ப்யூட்டர்ல ஜூலைக்கு ஆடின்னுதான் வருது. ஜூலை எட்டு வாய்தா."

"ஜூலை எட்டுல எங்க ஊருல ஆனி மாசம்ல நடந்துச்சு? ஆடி பொறக்கவே இல்லீங்களே."

"அத கம்ப்யூட்டரத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். நான் வராததால் மடத்துக்குச் சாதகமாக உத்தரவாகிவிட்டதாம். பெரியவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று நோட்டீஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், வெறுங்கையோடு வந்தார். ஃபைலில் சேர்த்துவிட்டார்களாம், தர முடியாதாம்.

அங்கிருந்து நேராக வக்கீல் மீரா சாகிப் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர். உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு போடலாம், உத்தரவு தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஆவணி முதல் வாரத்துக்குள் போட வேண்டும் என்றார். ஆனால் நோட்டீஸ் கையில் இல்லை. ஆபீஸில் கேட்டால் எங்கள் புத்தகத்தில் 8.7.98 என்று சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அதனால், ஜூலைக்குப் பதிலாக ஆடி என்று அச்சாகியது உண்மைதான் என்று அந்த மென்பொருள் செய்தவர்கள் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் போதும், நிலம் தப்பிவிடும் என்றார்.

உன்னால் முடியும் அல்லவா? உடனே அனுப்பு.

தெருவில் கேட்டவர்களிடம், தேதியை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் தப்பு என்றால் அது யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான்தானே ஊர் முழுக்கச் சொல்ல விட்டேன்.

அக்கா


நாவல்குறிச்சி,
ஆடி 22

தம்பிக்கு,

சுகம். தனபாக்கியத்துக்கு இது ஆறாம் மாதம் அல்லவா, கால் வீங்கினால் டாக்டரிடம் காட்டு.

போன கடிதம் உனக்குக் கிடைத்ததா? தபாலில் தவறியிருக்குமோ என்று மறுபடி எழுதுகிறேன். தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நாற்றங்கால் விட்டாகிவிட்டது. நம் நிலம்தான் என்ற நினைப்பில் விட்டேன். காகிதம் வந்தால் போதும், மற்றதை மீரா சாகிப் பார்த்துக்கொள்வார்.

அக்கா


சென்னை,
13.8.98

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே தலைக்கு மேல் வேலை. தனபாக்கியத்துக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்ட காகிதம் அவ்வளவு எளிதில்லை. கம்பெனி பெயரில் கொடுக்க முதலாளி கையெழுத்து வேண்டும், அவர் டெல்லி போயிருக்கிறார். ஐந்து மாவட்ட ஆர்டர் இந்த மாதம்தான் முடிவாகப்போகிறது. இந்த நேரத்தில் எங்கள் மென்பொருளில் பிழை என்று கோர்ட்டில் ஒரு காகிதம் போனால் ஆர்டர் போய்விடும். இருபது பேர் வேலை செய்கிற இடம். எனக்கும் இந்த நேரத்தில் வேலை போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வேன்?

அதிகாரிகளும் மனிதர்கள்தானே. மீரா சாகிப் நேரில் பேசினால் கேட்காமலா போய்விடுவார்கள்? கொஞ்சம் பொறு.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு முக்கியமான விஷயம், நீயும் முன்னாலேயே ஆபீஸுக்குப் போய் என்றைக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இளையபெருமாள்


நாவல்குறிச்சி,
ஆவணி 15

தம்பிக்கு,

தனபாக்கியம் எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது. உப்பைக் குறைத்துப் போடு.

கேட்டிருக்கலாம்தான். நீ எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன், ஏன் கேட்கவில்லை என்று. வேறு யார் அச்சடித்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

மீரா சாகிப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. தவணை போய்விட்டது. முந்தாநாள் காலை கோர்ட் அமீனா வந்தார், கூட மடத்துக் காரியஸ்தரும் இரண்டு போலீஸும். வாய்க்கால் கரையில் நிற்கவைத்து எனக்கு ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். நிலத்தைத் திருக்காட்டுப்பள்ளி அரிசி மில்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாற்று சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. அதையாவது பறித்துக்கொள்கிறேன் என்றேன், காரியஸ்தர் சரி என்றார். தங்கமணியும் நானும் பறித்து முடித்தோம். நடுவதற்கு இடமில்லை. அவள் வயலுக்கே கொடுத்துவிட்டேன்.

அப்பா கூட லாக்கப்பில் கிடந்த அய்யாக்கண்ணுப் பெரியப்பா வீட்டு வாசலுக்கே வந்து, "ஒரு தேதிய ஞாபகம் வச்சுக்கத் தெரியலியே உனக்கு. எத்தன பேரு ரத்தம்டி அது" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

ஆபீஸில் இப்போது கம்ப்யூட்டர் நோட்டீஸில் தமிழ் மாதத்தை அடித்துவிட்டு இங்கிலீஷ் மாதத்தைப் பேனாவால் எழுதித் தருகிறார்கள். மற்றவர்களாவது பிழைத்தார்கள்.

அக்கா


சென்னை,
20.9.98

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தனபாக்கியம் தேறிவிட்டாள். கார்த்திகையில் பிரசவம் என்கிறார்கள்.

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று தனபாக்கியம் எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "என்னையக் காரணம் காட்டியா உங்க அக்கா நெலத்த விட்டீங்க?" என்று கேட்டாள். அவள் இராத்திரி சாப்பிடவில்லை.

எல்லாம் சொல்லிவிடுகிறேன். ஆடி பிறப்பது ஜூலை பாதியில் என்று எனக்குத் தெரியாதா? நம் ஊரில் பிறந்தவன்தானே. சரியாகச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வருடப் பஞ்சாங்கத்தையும் உள்ளே ஏற்ற வேண்டும், ஒரு மாத வேலை. ஒரு வாரம்தான் இருந்தது. முதலாளி, "பேரை மட்டும் மாத்துய்யா, ஆபீஸ்காரங்களுக்குப் புரியும்" என்றார். ஜனவரிக்குத் தை, ஜூலைக்கு ஆடி என்று பன்னிரண்டு பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அரை நாளில் முடிந்துவிட்டது. ஆபீஸ்காரர்களுக்குப் புரிந்தால் போதுமென்று நினைத்தோம். நோட்டீஸைக் கையில் வாங்குகிறவர்களை நினைக்கவில்லை.

நம் ஊர் ஆடிதானா என்று நீ கேட்டபோது இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். ஆமாம் என்று எழுதிவிட்டேன். அப்புறம் பயந்துவிட்டேன், அக்கா. வேலை போகும் என்று பயம், பெயர் போகும் என்று பயம்.

இதோடு காகிதம் வைத்திருக்கிறேன். கம்பெனி பெயரில் இல்லை, என் பெயரில். தப்பு நான் செய்தது என்றும், உன் கடிதம் ஜூலை கடைசியிலேயே கிடைத்தும் நான்தான் தாமதித்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை போனால் போகட்டும். மீரா சாகிப்பிடம் கொடு. கூப்பிட்டால் நானே வந்து கோர்ட்டில் சொல்கிறேன். தெருவிலும் சொல்கிறேன்.

இளையபெருமாள்


நாவல்குறிச்சி,
ஐப்பசி 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் வள்ளியம்மையும் இருக்கிறோம். தனபாக்கியத்திடம் நான் விசாரித்ததாகச் சொல். அவளோடு சண்டை போடாதே, அவள் கேட்டது சரி.

காகிதத்தை மீரா சாகிப்பிடம் கொண்டு போனேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது போதும்மா, இன்னும் வழி இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது. தவணை தாண்டிவிட்டதால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டு மனு போட வேண்டுமாம். எழுத உட்கார்ந்தார். "காரணம் சொல்லுங்கம்மா. உங்க தம்பியே ஒத்துக்கிட்டாரு, அதையே எழுதிடலாம். ஆதாயத்துக்காக மறைச்சாருன்னு எழுதினாத்தான் மனு பலமா நிக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அவரக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேப்பாரு. கேக்கட்டும், நமக்கு நெலந்தான முக்கியம்?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்தார்.

"என் மறதின்னு எழுதுங்க" என்றேன்.

"மறதின்னு எழுதினா முதல் நாளே தள்ளிடுவாங்கம்மா."

"தள்ளினா தள்ளட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்ததும் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் உனக்குத் தெரியாது. அப்பா வாங்கிய நிலத்துக்காக அப்பா பெற்ற பிள்ளையைக் கூண்டில் ஏற்ற என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். நீ என் இடத்தில் இருந்து நான் உன் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று மட்டும் நான் யோசிப்பதில்லை. யோசிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

மில்காரர் நடவுக்கு ஆள் கூப்பிட்டார். நானும் போனேன். மூன்று மாவும் நட்டு முடித்தோம். பயிர் நன்றாகப் பிடித்திருக்கிறது.

குழந்தை பிறந்ததும் ஒரு கார்டு போடு. ஆனால் இப்போதைக்கு நீ ஊருக்கு வர வேண்டாம். வந்து தெருவில் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், அதுவும் வேண்டாம். நிலம் போனது போதும், நீயும் போக வேண்டாம். அய்யாக்கண்ணுப் பெரியப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். உன் முகத்தைப் பார்த்தால்தான், நான் மறக்கவில்லை, நான் மறக்கவில்லை என்று இந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அக்கா அம்சம்